வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை? கணக்கெடுத்து, வரம்பு வைத்து, அதைக் காப்பாற்றும் முறை

"இனிமேல் ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன்" என்ற முடிவோடு திங்கட்கிழமை தொடங்குபவர்கள் பெரும்பாலும் புதன்கிழமை வரைதான் தாக்குப்பிடிக்கிறார்கள். இதற்கு மனவுறுதியைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். கிளம்பும் நேரத்தை முடிவு செய்வதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் கிளம்பினால், வேலை நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

நானும் அப்படித்தான் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் விட்டேன். மூன்றாவது முறை கணக்கெடுப்பிலிருந்து தொடங்கியபோது நிலைத்தது. அதன் பிறகு என்னோடு வேலை பார்த்த பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் அந்தந்தப் படியில் சேர்த்திருக்கிறேன். முழுவதும் கைக்கு வர ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் எதுவும் மாறாது, மாற்றவும் கூடாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறிய நோட்டு அல்லது போனில் ஒரு குறிப்புப் பக்கம். உங்கள் பணி நியமனக் கடிதம். அதில் வேலை நேரம், மிகைநேர ஊதியம், வார விடுமுறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு பலர் பார்ப்பதே இல்லை. இப்போது எடுத்துப் படித்துவிடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் வகை வேலைக்கு எத்தனை மணி நேரத்தை அனுமதிக்கிறது என்பதையும் தொழிலாளர் துறையின் அதிகாரப்பூர்வ வெளியீட்டில் பார்த்து ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாதாரணமான இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட லீவு வரும் வாரமோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரமோ வேண்டாம்.

1. இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

நான்கு விவரம் போதும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை, அது ஏன் அந்த நேரத்தில் வந்தது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும்போது உதவப்போவது அதுதான். "மாலை 5:40, அறிக்கை திருத்தம்" என்று எழுதினால் பயனில்லை. "மாலை 5:40, அறிக்கை திருத்தம், முதல் முறை எந்த வடிவம் வேண்டும் என்று கேட்காததால்" என்று எழுதினால் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

இரவில் படுக்கையிலிருந்து அனுப்பிய பதிலும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மின்னஞ்சல் பார்த்ததும் வேலைதான். பயணத்தை வேலையில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். அது சம்பளம் இல்லாத நேரம், ஆனால் உங்கள் நாளிலிருந்துதான் போகிறது.

இந்தப் படியில் நான் பார்த்த தவறுகள் இரண்டு. இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது முதல் தவறு. நினைவு பெரிய வேலைகளை மட்டுமே பிடித்து வைக்கும். பத்து நிமிடத் துண்டுகள் காணாமல் போய்விடும், கூடுதல் நேரம் ஒளிந்திருப்பதோ அந்தத் துண்டுகளில். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எழுதினால்தான் சரியாக வரும். எழுத ஆரம்பித்ததுமே நல்ல பிள்ளையாகச் சீக்கிரம் கிளம்பத் தொடங்குவது அடுத்த தவறு. அப்படிச் செய்தால் உங்கள் உண்மையான வாரம் நோட்டில் இருக்காது.

2. 168 மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலையில் இருப்பதாக நம்பும் ஒருவருடைய கணக்கை எடுத்துக்கொள்வோம். அவர் தினமும் 50 நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறார். ஐந்து நாளுக்கு 4 மணி 10 நிமிடம். திங்கள் முதல் சனி வரை இரவுச் செய்திகளுக்கு 35 நிமிடம். ஆறு நாளுக்கு 3 மணி 30 நிமிடம். சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து 2 மணி 20 நிமிடம். எல்லாம் சேர்ந்தால் 50 மணி நேரம். கூடுதலாக ஒரு முழு வேலைநாள், பிறகு இன்னும் இரண்டு மணி நேரம்.

இப்போது மீதத்தைப் பார்ப்போம். தூக்கம் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 56. குளியல், சாப்பாடு போன்றவற்றுக்கு நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 14. வீட்டு வேலைக்கு இன்னொரு 14. பயணம் வேலைநாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஏழரை. வேலை 50. எல்லாம் போக 26½ மணி நேரம் மிஞ்சுகிறது.

"பரவாயில்லையே, நாளுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறதே" என்று இங்கே நின்றுவிடுபவர்கள் பலர். தயவுசெய்து நிற்காதீர்கள். நாள் நாளாகப் பிரியுங்கள். அதே கணக்கில் ஞாயிறன்று 12 மணி நேரமும் சனியன்று சுமார் 9 மணி நேரமும் கிடைக்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை கிடைப்பது நாளுக்கு 1 மணி 5 நிமிடம். பிள்ளையோடு பேச, நடைப்பயிற்சி போக, படிக்க, வயதான பெற்றோருக்குப் போன் செய்ய, எல்லாவற்றுக்கும் அந்த 65 நிமிடம்தான். நடைமுறையில் அது போதாமல், தூக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்குவோம். வார சராசரி இதைக் காட்டாது. அதனால்தான் நாள்வாரியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

3. முதலில் தரை, அப்புறம் கூரை

வேலைக்கு வரம்பு வைப்பதற்கு முன்னால், எதைத் தொடவே கூடாது என்று எழுதுங்கள். அதைத் தரை என்று வைத்துக்கொள்வோம். முதலில் தூக்கம். பெரியவர்களுக்கு இரவுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. அடுத்து, வாரத்தில் வேலையே இல்லாத ஒரு முழு நாள். மூன்றாவதாக, உங்களுக்கு முக்கியமான ஏதாவது ஒன்று. ஒன்றே ஒன்றுதான். ஐந்து எழுதினால் முதல் நெருக்கடியிலேயே ஐந்தும் போய்விடும்.

தரை முடிந்தபின் கூரை, அதாவது வாரத்துக்கான உச்சவரம்பு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 1935-இல் வந்த உடன்படிக்கை 40 மணி நேர வாரத்தைக் கொள்கையாக முன்வைத்தது. ஆக, 48-ஐத் தாண்டி வேலை செய்வதை வழக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

அதற்கு மேலே ஓர் அபாயக் கோடும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களை ஒப்பிட்டது. பின்னவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகமாக இருந்தது. உங்கள் நோட்டு 55-ஐக் காட்டினால் இந்த வழிகாட்டியை நிதானமாகப் பின்பற்ற நேரமில்லை. ஐந்தாவது படிக்கு இந்த வாரமே போங்கள்.

மற்றவர்கள் வரம்பை இப்போதைய அளவிலிருந்து 3 மணி நேரம் குறைத்து வையுங்கள். 50 என்றால் 47. நேராக 40-க்கு இறங்கினால் முதல் இரண்டு வாரத்திலேயே வேலை தேங்கும், பயந்துபோய்ப் பழைய நிலைக்கே திரும்புவீர்கள். 47 மூன்று வாரம் நிலைத்த பிறகு 44.

வார வரம்போடு ஒரு நாள் விதியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதிமுறையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 11 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதைச் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம். இரவு 10 மணிக்கு வேலை முடிந்தால் மறுநாள் காலை 9-க்கு முன் தொடங்கக் கூடாது. இரவு நீள்வதைத் தடுக்க முடியாத நாளில்கூட மறுநாள் காலையையாவது இது காப்பாற்றித் தரும்.

4. எந்த மணி நேரத்தை வெட்டுவது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்கள்தான் பிறகு ஓடி ஓடி வேலை செய்கிறார்கள். பத்து மணி நேர வேலையை எட்டு மணி நேரத்தில் முடிக்க வேகத்தைக் கூட்டினால், வெளியே வரும்போது உடம்பில் சக்தி எதுவும் மிஞ்சாது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு யாரோடும் மனதாரப் பேசக்கூட முடியாது. வேகத்தைக் கூட்டாமல் வேலையின் அளவைக் குறைக்க வேண்டும்.

நோட்டில் வேலை நேரத்துக்கு வெளியே நடந்த எல்லா வரிகளையும் வட்டமிடுங்கள். அவற்றின் நான்காவது விவரத்தை மட்டும் படியுங்கள். நான் பார்த்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் காரணங்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிட்டன.

முதல் வகை, காத்திருப்பு. மதியம் முழுக்க ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்து, ஐந்து மணிக்குப் பதில் வந்ததும் வேலையைத் தொடங்குவது. மருந்து எளிது. யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்று காலையில் வந்ததுமே கேட்டுவிடுங்கள், மதியம் 3 மணிக்கு ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்குப் பிறகு வருவது நாளை செய்யப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்குச் சொன்னால் அது மறுப்பாகப் படும். காலையில் சொன்னால் அது வெறும் தகவல்.

இரண்டாவது வகை, திரும்பச் செய்தல். எந்த வடிவத்தில், யாருக்கு, எவ்வளவு விரிவாக என்று கேட்காமல் தொடங்கி, முடித்தபின் மாற்றுவது. வேலை கையில் வந்ததும் இரண்டு வரியில் "நான் புரிந்துகொண்டது இது, சரியா?" என்று எழுதி அனுப்புங்கள். பத்தில் இரண்டு பங்கு முடிந்ததும் ஒரு முறை காட்டுங்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், கேள்வி கேட்டால் திறமையில்லை என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை வாரத்துக்கு ஒரு மாலைப்பொழுது.

மூன்றாவது வகை, மீட்டிங். எட்டுப் பேர் உட்காரும் ஒரு மணி நேர மீட்டிங் எட்டு மணி நேர உழைப்பு. நீங்கள் வாய் திறக்காத, உங்கள் பெயரில் எந்த வேலையும் வராத மீட்டிங்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு மட்டும் அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு குறைந்தாலே பகலில் நடக்க வேண்டிய வேலை பகலிலேயே முடியும்.

இந்த மூன்றிலும் அடங்காமல் மிஞ்சுவதுதான் உண்மையான வேலைப்பளு. அதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் தேவை.

5. மேலாளரிடம் பேசுங்கள்

நோட்டு 55-ஐக் காட்டியவர்களைத் தவிர, மற்றவர்கள் இதை நான்காவது படிக்கு முன் செய்யாதீர்கள். உங்கள் கையில் இருப்பதை நீங்களே சரி செய்துவிட்டு வந்தால்தான் பேச்சுக்கு வலு இருக்கும்.

மேலாளர் பரபரப்பாக இருக்கும் நாளில் போகாதீர்கள். இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்" என்று தொடங்கினால், "எல்லாருக்கும்தான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தாளை முன்னால் வையுங்கள்: "மேடம், என்னிடம் இப்போது இந்த ஏழு வேலைகள் இருக்கின்றன. என் வேலை நேரத்துக்குள் ஐந்துதான் முடிகிறது. எந்த ஐந்து முதலில் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன்." முடிவு அவரிடம் போகிறது, கணக்கு உங்களிடம் இருக்கிறது. பெரும்பாலான மேலாளர்களுக்கு அந்த ஏழும் ஒரே ஆளிடம் இருப்பது அதுவரை தெரிந்திருக்காது.

அடுத்து அவசரம் என்றால் என்ன என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். "அவசரம் என்றால் நீங்கள் நேரடியாகப் போன் செய்யுங்கள், எடுத்துவிடுவேன். செய்தியாக வருவதைக் காலையில் பார்க்கிறேன்." இந்த ஒரு ஏற்பாடு இரவுநேரச் செய்திகளைப் பாதிக்கு மேல் குறைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்தி அனுப்பக் கை தானாகப் போகும். போன் செய்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள்.

எதையும் நிரந்தரமாகக் கேட்க வேண்டாம். "ஒரு மாதம் முயன்று பார்க்கலாம், வேலை பாதித்தால் திரும்பப் பேசுவோம்" என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டைக் கேளுங்கள். இந்த இரண்டு நாளும் ஒழுங்காக நடந்தால் மூன்றாவது நாளுக்கு யாரும் தடை சொல்வது குறைவு.

"இனி மாலை 6-க்கு மேல் பதில் சொல்ல மாட்டேன்" என்று குழு முழுவதற்கும் அறிவிப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் நோக்கம் புரியாதவர்களுக்கு அது சவாலாகத் தெரியும்.

6. வீட்டிலும் அதே கணக்கை விரியுங்கள்

வேலையிலிருந்து மீட்ட நேரம் எங்கே போகும் என்று வீட்டில் பேசி வைக்காவிட்டால், அது யாரிடம் வீட்டு வேலை அதிகமாக இருக்கிறதோ அவருடைய தலையில் விழும். பெரும்பாலான வீடுகளில் அவர் பெண். அலுவலகத்தில் 3 மணி நேரம் குறைத்து, சமையலறையில் 3 மணி நேரம் கூட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சமநிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரு வாரம் தங்கள் வீட்டு வேலையை எழுதட்டும். கைவேலையை மட்டும் எழுதினால் போதாது. மருந்து தீரும் முன் வாங்க வேண்டும், பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாள் எது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பதும் வேலை. பிரித்துக் கொடுக்கும்போது ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். "துணி துவைப்பதில் உதவு" என்று சொன்னால், எப்போது துவைப்பது, சோப்பு இருக்கிறதா என்ற யோசனையெல்லாம் பழையவரிடமே தங்கிவிடும். "துணி உன் பொறுப்பு" என்று சொன்னால்தான் அவருக்கு நேரம் மிஞ்சும். முதல் மூன்று வாரம் சரியாக நடக்காது. திருத்தப் போகாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

7. நாளின் கடைசி அரை மணி நேரம்

இப்போதுதான் கிளம்பும் நேரம். கிளம்ப வேண்டிய நிமிடத்தில் எழுந்து போவதாக நினைக்காதீர்கள். அதற்கு 30 நிமிடம் முன்பே முடிக்கத் தொடங்குங்கள். அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

அலாரம் அடித்த பிறகு புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. பாதியில் நிற்கும் வேலை எங்கே நிற்கிறது, நாளை காலை முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்ட வேலை சாப்பிடும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். காத்திருப்பவர்களுக்கு "நாளை காலை 11 மணிக்குள் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். இரவில் விசாரித்து வரும் செய்திகள் பெரும்பாலும் எப்போது வரும் என்று தெரியாததால் வருபவை. நேரம் சொல்லிவிட்டால் கேட்க மாட்டார்கள். சொன்ன நேரத்தில் அனுப்பியும் ஆக வேண்டும். இரண்டு முறை தவறினால் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் போன். அலுவலகச் செயலிகளின் அறிவிப்புகளைக் கிளம்பும் நேரம் முதல் காலை வரை தானாக அடங்கும்படி அமைத்துவிடுங்கள். அன்றன்றைக்கு நினைவு வைத்து அணைப்பது நடக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வைக்க வேண்டும். மேசைமேல் இருந்தால் போகும்போதும் வரும்போதும் திறந்து பார்க்கத் தோன்றும்.

8. மீட்ட நேரத்துக்கு உடனே ஓர் ஆளைச் சேருங்கள்

தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் முதல் மணி நேரங்கள் அதற்கே போகட்டும். அதில் விவாதமே இல்லை.

தூக்கம் போதுமென்றால், மீதியில் இன்னொருவரோடு சேர்ந்து செய்யும் ஒன்றை வையுங்கள். செவ்வாய் மாலை மகளோடு நடை, வியாழன் மாலை நண்பரோடு பூப்பந்து என்று ஏதாவது. தனியாகப் படிப்பதாகவோ ஓடுவதாகவோ முதலில் வைத்தவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். வேலை அழைக்கும்போது தனக்குத் தானே கொடுத்த வாக்கைத் தள்ளிப் போடுவது எளிது. காத்திருக்கும் ஒருவரைக் கைவிடுவது அவ்வளவு எளிதில்லை.

9. வாரம் ஒரு முறை பதினைந்து நிமிடம்

வேலை வாரத்தின் கடைசி நாள் கிளம்பும் முன் மொத்த மணி நேரத்தைக் கூட்டுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் எத்தனை மணி நேரம், எந்தக் காரணத்தால் என்று எழுதுங்கள். தரை மூன்றில் எது உடைந்தது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாரம் தாண்டினால் பதற வேண்டாம். நான்கு வாரச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். தாண்டிய மணி நேரத்தை அடுத்த இரண்டு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளினால் அந்தக் கடன் வசூலாகாது.

நிலைமை வேறாக இருப்பவர்களுக்கு

ஷிப்டில் இருப்பவர்களுக்குக் கூரையைவிட முக்கியம் அட்டவணை முன்கூட்டியே தெரிவது. இரண்டு வார அட்டவணை, ஷிப்டுகளுக்கு இடையே 11 மணி நேர இடைவெளி, இந்த இரண்டைக் கேளுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்கள் நேரத்தைக் குறைத்தால் வருமானமும் குறையும். அவர்கள் சம்பளம் வராத நேரத்தை, அதாவது கணக்கில் ஏறாத காத்திருப்பு, பயணம், முன்தயாரிப்பு இவற்றை எழுதி, சட்டப்படி மிகைநேர ஊதியம் வர வேண்டியதைக் கேட்பதிலிருந்து தொடங்கட்டும். சொந்தத் தொழில் செய்பவர்கள் ஐந்தாவது படியில் மேலாளருக்குப் பதிலாக வாடிக்கையாளர்களை வைத்துக்கொள்ளலாம். வேலை நேரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.

எட்டு வாரத்துக்குப் பிறகும் குறையவில்லை என்றால்

காத்திருப்பு, திரும்பச் செய்தல், மீட்டிங் மூன்றையும் வெட்டி, மேலாளரிடம் வரிசையும் வாங்கி, இன்னும் 50-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் உங்கள் மேசையில் இரண்டு பேருடைய வேலை இருக்கிறது. எட்டு வார நோட்டோடு போய், இன்னொரு ஆளைக் கேளுங்கள், அல்லது எந்தப் பொறுப்பை விடலாம் என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் வேறு வேலை தேடுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

புதிய இடத்தின் நேர்காணலில் "வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் சமநிலை உண்டா?" என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் இந்தக் குழுவில் கடைசியாகக் கிளம்பியவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்று கேளுங்கள். "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.